தவளைத் தண்டுவடத்தில் கிளியா செல்களை அடையாளம் காண்பது எப்படி?

நரம்பு மண்டலத்தில் நியூரான்களுக்குத் துணையாக இருக்கும் செல்களைத்தான் கிளியா என்கிறோம். மனித உடலியல், எலி மூளை என்று படித்துவிட்டு முதன்முதலாகத் தவளைத் தண்டுவட ஸ்லைடைப் பார்க்கிறவர்கள் தேடுவது பெரும்பாலும் ஒன்றைத்தான்: நியூரான்களைத் தாங்கிப் பராமரிக்கும், நட்சத்திர வடிவத்தில் கைகளை விரித்து நிற்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற கிளியா செல். பாடப்புத்தகத்தில் பார்த்துப் பழகிய அந்த வடிவத்தை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் நேரம்தான் போகும். இருவாழ்விகளின் தண்டுவடத்தில் அந்த வேலையின் பெரும்பங்கைச் செய்வது ஆரக் கிளியா என்ற வேறு வடிவச் செல். அதன் உடல், தண்டுவடத்தின் நடுவே ஓடும் மையக்குழலை ஒட்டியோ கொஞ்சம் தள்ளியோ இருக்கும். அங்கிருந்து கிளம்பும் நீண்ட இழை, நியூரான் உடல்கள் இருக்கும் சாம்பல் பகுதியையும் நரம்பிழைகள் ஓடும் வெண்பகுதியையும் கடந்து தண்டுவடத்தின் வெளிப்பரப்பு வரை போய் முடியும்.

பாலூட்டிகளில் கரு வளரும்போது இப்படிப்பட்ட செல்கள் நிறைய இருந்து, பிறகு தண்டுவடத்தில் பெரும்பாலும் வேறு வகைகளாக மாறிவிடுகின்றன. தவளையிலும் சாலமாண்டரிலும் அவை வளர்ந்த பிறகும் நீடிக்கின்றன. வெட்டுப்பட்ட தண்டுவடத்தைச் சாலமாண்டர் திரும்ப வளர்த்துக்கொள்வதிலும் இந்தச் செல்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒரே முறைதான்: எந்த ஸ்லைடாக இருந்தாலும் மையக்குழலில் தொடங்குங்கள், அங்கிருந்து வெளியே போங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

முதலில்: எந்த விலங்கு, எந்த வயது?

"இருவாழ்வி" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. ஆய்வுக்கூடங்களில் அடிக்கடி பார்க்கக் கிடைப்பவை மூன்று. ரானா வகைத் தவளைகள், ஆப்பிரிக்க நகத் தவளையான செனோபஸ் லீவிஸ், மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரியைச் சேர்ந்த ஆக்ஸலாட்டல் என்ற சாலமாண்டர். இவற்றோடு நியூட் என்ற வாலுள்ள இருவாழ்விகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தவளைகளுக்கும் வாலுள்ள இருவாழ்விகளுக்கும் குறுக்குவெட்டிலேயே வித்தியாசம் தெரியும். தவளையில் சாம்பல் பகுதிக்கு முதுகுப்புறக் கொம்பு, வயிற்றுப்புறக் கொம்பு என்று ஓரளவு தெளிவான உருவம் உண்டு. வயிற்றுப்புறக் கொம்பில் பெரிய இயக்க நியூரான்கள் கண்ணில் படும். ஆக்ஸலாட்டலிலும் நியூட்டிலும் செல் உடல்கள் பெரும்பாலும் மையக்குழலைச் சுற்றி நெருங்கிக் கிடக்கும், வெளியே அகலமான நரம்பிழைப் பட்டை இருக்கும், கொம்பு என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் தெரியாது.

வயது இன்னும் முக்கியம். செனோபஸுக்கு நியூகூப், ஃபேபர் இருவரும் 1956-ல் வகுத்த 66 வளர்ச்சிநிலைகள் இன்றும் அளவுகோலாக இருக்கின்றன. 50-லிருந்து 54 வரையிலான நிலைகளில் உள்ள தலைப்பிரட்டை, தண்டுவடக் காயத்திலிருந்து மீண்டு மறுபடி நீந்தும். உருமாற்றம் முடிந்த 66-ஆம் நிலையில் அந்தத் திறன் போய்விடுகிறது. அதே விலங்கு, அதே மரபணுக்கள், சில வார இடைவெளிதான். கிளியா செல்கள் நடந்துகொள்ளும் விதமோ தலைகீழாக மாறிவிடுகிறது. ஆகவே ஒரு படத்தைப் பார்க்கும் முன் அதன் விளக்கக் குறிப்பில் இனமும் வளர்ச்சிநிலையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் படத்தை வைத்து ஒப்பிடாதீர்கள்.

பொருள் எங்கே கிடைக்கும்?

வயலிலோ குட்டையிலோ தவளை பிடிக்கப் போகாதீர்கள். ஒரு காலத்தில் நம் ஊர்க் கல்லூரி விலங்கியல் செய்முறை வகுப்பு என்றாலே தவளை அறுப்புதான். இன்று காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972 காளைத் தவளை உள்ளிட்டவற்றுக்குப் பாதுகாப்பு தருகிறது. பட்ட வகுப்புகளில் விலங்கு அறுப்பை நிறுத்தும்படி பல்கலைக்கழக மானியக் குழுவும் அறிவுறுத்திவிட்டது. ஆய்வுக்காகச் செய்வதென்றால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு தலைப்பிரட்டையைக்கூடத் தொடக்கூடாது.

கவலை வேண்டாம், தொடக்க நிலைக்குப் புதிய விலங்கே தேவையில்லை. பழைய விலங்கியல் துறைகளின் அலமாரிகளில் ஹெமடாக்ஸிலின்-ஈயோசின் சாயமேற்றிய தவளைத் தண்டுவடக் குறுக்குவெட்டு ஸ்லைடுகள் இருக்கும். கேட்டால் கொடுப்பார்கள். செனோபஸின் வளர்ச்சிநிலைப் படங்கள் ஜென்பேஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. படங்களைத் திறந்து அளக்க ஃபிஜி மென்பொருள் போதும், அதுவும் இலவசம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே கண்ணை நன்றாகப் பழக்கிவிடலாம்.

4 மடங்கு லென்ஸில்: திசையும் மட்டமும்

ஸ்லைடை வைத்ததும் 40 மடங்கு லென்ஸுக்குத் தாவாமல் 4 மடங்கில் நிறுத்துங்கள். எது முதுகுப்புறம், எது வயிற்றுப்புறம்? வயிற்றுப்புற நடுக்கோட்டில் ஒரு பிளவு தெரியும், அதுதான் நம்பகமான அடையாளம். பெரிய இயக்க நியூரான்களும் அந்தப் பக்கம்தான்.

அடுத்து, எந்த மட்டத்து வெட்டு? தவளைத் தண்டுவடம் முன்னங்கால் நரம்புகள் கிளம்பும் இடத்தில் ஒருமுறையும், பின்னங்கால் நரம்புகள் கிளம்பும் இடத்தில் ஒருமுறையும் தடிக்கும். பிறகு சட்டென்று மெலிந்து, முதுகெலும்பின் கடைசியில் உள்ள யூரோஸ்டைல் எலும்புக்குள் ஓடும் முடிவிழையாகிவிடும். கிளியா செல்களைப் பற்றிப் படிக்க இந்த முடிவிழை அருமையான இடம். நியூரான்கள் இங்கே குறைவு, மையக்குழலின் சுவராக நிற்கும் எபென்டைமா செல்களும் கிளியா இழைகளும்தான் அதிகம், அமைப்பும் எளிமை. தவளை முடிவிழையை வைத்துக் கிளியா செல்களின் மின்னோட்டத்தை அளந்த ஆய்வுகளும் வந்திருக்கின்றன. உங்களிடம் முடிவிழை வெட்டு ஒன்று இருந்தால் அதிலிருந்தே ஆரம்பியுங்கள் என்பேன்.

40 மடங்கில்: மையக்குழலின் சுவர்

இங்கே அவசரப்படாமல் நேரம் செலவழியுங்கள். குழலைச் சுற்றி நீள்வட்ட உட்கருக்கள் நெருக்கமாக, ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். அவைதான் எபென்டைமா செல்கள். உட்கருவின் நீளவாட்டம் குழலை நோக்கி இருக்கும். ஒரே வரிசை மாதிரி தெரிந்தாலும் சில உட்கருக்கள் முன்னேயும் சில பின்னேயும் இருப்பதால் இரண்டு மூன்று அடுக்கு போலவும் படலாம். குழலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குற்றிழைகளை நல்ல ஸ்லைடில் மெல்லிய தூசிப்படலம் போலப் பார்க்கலாம்.

குழலின் நடுவே ஒரு சிறு புள்ளி தெரிந்தால் அழுக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது ரைஸ்னர் இழையாக இருக்கலாம். மூளையில் கிளம்பி மையக்குழல் நெடுக ஓடும் அந்தச் சுரப்புப் பொருள் இழை, குறுக்குவெட்டில் வெறும் புள்ளியாகத்தான் தெரியும்.

பாரஃபின் ஸ்லைடுகளில் குழல் நசுங்கி ஒரு கோடாகத் தெரிவதும் உண்டு. அப்படி இருந்தால் உட்கரு வரிசையைப் பிடித்துக்கொண்டு போங்கள், குழல் எங்கே என்று அதுவே காட்டிவிடும்.

சுவரிலிருந்து வெளியே

வளர்ந்த தவளையில் ஆரக் கிளியா செல்களின் உடல் குழல் சுவரிலேயே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பல செல்கள் சாம்பல் பகுதிக்குள் நகர்ந்து உட்கார்ந்திருக்கும். ஆனாலும் வெளிப்பரப்புக்குப் போகும் இழையை விட்டுவிடவில்லை. ஆக்ஸலாட்டலிலும் நியூட்டிலும் குழல் சுவரில் இருக்கும் எபென்டைமா செல்லே அந்த இழையை நேரடியாக வெளியே அனுப்பும். அதனால்தான் அவற்றை எபென்டைமா-கிளியா என்று சேர்த்தே சொல்கிறார்கள்.

முழுச் சித்திரத்தையும் மனதில் வைத்துக்கொள்ளச் சைக்கிள் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குழல், சுற்றிலும் கம்பிகளாக இந்த இழைகள், வெளி வளையமாகப் பையா மேட்டர் என்ற மெல்லிய உறை. ஒவ்வொரு இழையும் வெளிப்பரப்பைத் தொடும் இடத்தில் அகன்று ஒரு பாதம் போல விரியும். பக்கத்துப் பக்கத்துப் பாதங்கள் சேர்ந்து தண்டுவடத்துக்கு ஒரு தொடர்ச்சியான எல்லைப் படலம் போடுகின்றன. வெண்பகுதியில் இந்த இழைகள் ஆக்ஸான்களை, அதாவது நியூரான்களின் நீண்ட நரம்பிழைகளை, சின்னச் சின்னக் கட்டுகளாகப் பிரித்து வைத்திருப்பதையும் பார்க்கலாம்.

ஹெமடாக்ஸிலின்-ஈயோசினில் இந்த இழைகள் தனித்தனியாகத் தெரியாது. அந்தச் சாயத்தில் உட்கரு தெரியும், இழை பின்னணியோடு கலந்துவிடும். இழையை முழுதாகப் பார்க்க 1873-ல் காமில்லோ கோல்ஜி அறிவித்த வெள்ளி முறை வேண்டும், அல்லது குறிப்பிட்ட புரதத்தைப் பிடித்து ஒளிரவைக்கும் ஆன்டிபாடி வேண்டும். கோல்ஜி முறை செல்களில் ஒரு சிறு பகுதியை மட்டும் பிடித்து, அவற்றை நுனி வரை கறுப்பாக்கிவிடும். வளர்ந்த தவளையின் ஆரக் கிளியாவை அந்த முறையில் வரைந்த படங்களைப் பார்த்தால், ஒரே செல் எவ்வளவு தூரம் போகிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

வெட்டின் தடிமனும் கணக்கில் வரும். இழை எப்போதும் சரியான குறுக்குத்தளத்தில் ஓடாது, கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ சாயும். 5 மைக்ரான் வெட்டில் அது துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். 30, 40 மைக்ரான் வெட்டை கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பில் அடுக்கடுக்காகப் படமெடுத்து, ஃபிஜியில் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் ஒரே இழையைத் தொடர முடியும்.

வெண்பகுதியில் ஒலிகோடென்ட்ரோசைட்

ஆக்ஸான்களுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை போடும் செல் இது. வட்டமான, சிறிய, அடர்ந்த உட்கரு. சில இடங்களில் நரம்பிழைக் கட்டுகளுக்கு இடையே வரிசையாக நிற்கும். லக்ஸால் ஃபாஸ்ட் புளூ சாயம் மயலினை நீலமாக்கும், அதன் நடுவே இந்த உட்கருக்களைத் தேடினால் எளிது.

உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் செனோபஸ் தலைப்பிரட்டையில் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. ஒலிகோடென்ட்ரோசைட்கள் மட்டும் பச்சையாக ஒளிரும்படி மரபணு மாற்றிய வகை அது. அந்தச் செல்களிலேயே நைட்ரோரிடக்டேஸ் நொதியையும் வைத்திருக்கிறார்கள். நீரில் மெட்ரோனிடசோல் கலந்தால் அந்த நொதி அதை நச்சாக்கி, ஒலிகோடென்ட்ரோசைட்களை மட்டும் அழிக்கும். மருந்தை நிறுத்தினால் மயலின் திரும்ப வரும். தலைப்பிரட்டை கண்ணாடி போல இருப்பதால் இதையெல்லாம் வெட்டாமலே பார்க்கலாம். மயலின் இழப்பு நோய்களுக்கு மருந்து தேடுகிறவர்கள் இதைப் பயன்படுத்துவது அதனால்தான்.

மைக்ரோகிளியா: ஏமாற்றும் உட்கருக்கள்

மைக்ரோகிளியாவைத் தனி வகையாக 1919-ல் பிரித்துக் காட்டியவர் ஸ்பெயின் நாட்டின் பியோ டெல் ரியோ-ஒர்டேகா. மற்ற கிளியா செல்களோடு இவை பிறப்பால் சேராதவை, ரத்த விழுங்கு செல்களின் வம்சம். சிறிய, நீண்ட, அடர்ந்த உட்கரு என்பதுதான் அடையாளம். ஆனால் சாதாரணச் சாயத்தில் இந்த அடையாளத்தை மட்டும் நம்பி முடிவு கட்ட வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன்.

காரணம், இருவாழ்விகளின் சிவப்பணுக்களுக்கு உட்கரு உண்டு. நம்முடையவற்றுக்குக் கிடையாது என்பதால் மனித ஸ்லைடு பார்த்துப் பழகிய கண் இதை எதிர்பார்ப்பதில்லை. ஒரு நுண்ரத்தக்குழாய் வெட்டில் மாட்டினால், உள்ளே இருக்கும் சிவப்பணுவின் நீள்வட்ட உட்கரு அப்படியே ஒரு கிளியா உட்கருவைப் போல இருக்கும். குழாய்ச் சுவர் செல்லின் வளைந்த ஒல்லி உட்கரு மைக்ரோகிளியாவைப் போல இருக்கும். சந்தேகம் வந்தால் ஃபோகஸைக் கொஞ்சம் மேலும் கீழும் திருப்புங்கள். உட்கருவைச் சுற்றி ஈயோசின் பிடித்த, ஓரம் தெளிவான முட்டை வடிவச் செல் தெரிந்தால் அது சிவப்பணு.

இன்னும் இரண்டு பொறிகள். தவளையின் தண்டுவட உறைகளில் கறுப்பு நிறமிச் செல்கள் கிளைகளோடு பரவிக் கிடக்கும், கோல்ஜி சாயமேறிய செல் என்று அவற்றை எண்ணிவிட வேண்டாம். ஆக்ஸலாட்டலின் செல்களும் உட்கருக்களும் பெரியவை. அதன் மரபணுத்தொகுதி சுமார் 3,200 கோடி இணை நீளம், மனிதனைப் போல ஏறக்குறைய 10 மடங்கு. எலிக்குப் போட்ட அளவுப் பட்டியலை வைத்துக்கொண்டு இந்த உட்கருக்களை வகைப்படுத்தினால் எல்லாமே தப்பாகும்.

ஆன்டிபாடி போடுவதற்கு முன்

எலி ஆய்வுக்கூடங்களிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது, ஆஸ்ட்ரோசைட்டின் இழைப் புரதமான ஜி.எஃப்.ஏ.பி.-யைப் பிடிக்கும் ஆன்டிபாடி. ஆக்ஸலாட்டலில் அது பயன்படும், எபென்டைமா-கிளியா இழைகள் நன்றாகவே ஒளிரும். செனோபஸில் கதை வேறு. அதன் மரபணுத்தொகுதியில் ஜி.எஃப்.ஏ.பி. மரபணுவே இல்லை என்று 2017-ல் விழித்திரை ஆய்வு ஒன்றில் காட்டினார்கள். ஆகவே செனோபஸ் வெட்டில் ஜி.எஃப்.ஏ.பி. ஆன்டிபாடி ஒளிர்ந்தால், அது விமென்டின் போன்ற உறவுக்காரப் புரதம் எதையோ பிடித்திருக்கிறது என்றுதான் அர்த்தம். படம் அழகாக இருக்கலாம், ஆனால் பெயர் தப்பு. செனோபஸுக்கு விமென்டின், சாக்ஸ்2 போன்றவற்றைப் பாருங்கள். சாக்ஸ்2 உட்கருவில் ஒளிரும், மையக்குழல் சுவரின் மூலச் செல் தன்மையுள்ள செல்களைக் காட்டும்.

எந்த ஆன்டிபாடியாக இருந்தாலும், முதல் ஆன்டிபாடி இல்லாமல் இரண்டாம் ஆன்டிபாடி மட்டும் போட்ட வெட்டு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அதே விலங்கின் விழித்திரை வெட்டையும் கூடவே சாயமேற்றுங்கள். விழித்திரையின் முல்லர் கிளியா செல்லின் உருவம் தெளிவானது. அங்கே சரியாக ஒளிர்ந்தால் தண்டுவடத்தில் தெரிவதையும் நம்பலாம்.

கரைசல் விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. பாலூட்டிகளின் உடல் திரவத்தின் செறிவு ஏறக்குறைய 290, 300 மில்லிஆஸ்மால், தவளையுடையது 230 அளவில்தான். பாலூட்டிகளுக்கு 0.9 சதவீத உப்புநீர் என்றால் தவளைக்கு 0.65. எனவே உயிர்த் திசுவைக் கழுவும் பி.பி.எஸ். என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலை ஏறக்குறைய 0.7 மடங்காக நீர்த்துக்கொள்ளுங்கள். அப்படியே ஊற்றினால் செல்கள் சுருங்கி, கிளியாவைச் சுற்றி வெற்றிடம் விழும். பிறகு 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்தி, 30 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் திசு அடியில் இறங்கும்வரை விட்டு, அப்புறம் உறைய வைத்து வெட்டுங்கள். ஃபார்மால்டிஹைடு வேலை புகைக்கூண்டுக்குள்தான்.

மின் அளவீட்டுப் படங்களை வாசிக்க

கிளியா செல்லின் மின்தன்மையை முதலில் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று இருவாழ்வியில்தான் நடந்தது. 1966-ல் ஆர்க்கண்ட், நிக்கோல்ஸ், குஃப்ளர் மூவரும் வட அமெரிக்க நீர்நிலைகளில் வாழும் நெக்டூரஸின் பார்வை நரம்பை எடுத்துக்கொண்டார்கள். அங்கே கிளியா செல்லின் மின்னழுத்தம் ஏறக்குறைய -90 மில்லிவோல்ட். வெளியே பொட்டாசியம் கூடக்கூட அது பூஜ்யத்தை நோக்கி நகர்ந்தது. நரம்பைத் தூண்டினால் கிளியா செல்லில் மெதுவான மின்மாற்றம் வந்தது, ஆனால் நியூரானைப் போலத் துடிப்பு எதுவும் இல்லை. தவளைத் தண்டுவடத்தில் எடுத்த பதிவுகளையும் இதை மனதில் வைத்தே படிக்கலாம். துடிப்பு இருந்தால் நியூரான் என்று எடுத்துக்கொள்ளலாம். மிகத் தாழ்ந்த மின்னழுத்தம், துடிப்பு இல்லை, பொட்டாசியத்துக்கு ஏற்ற அசைவு என்றால் கிளியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதி செய்யச் செல்லுக்குள் சாயம் செலுத்தி உருவத்தையும் பார்க்க வேண்டும்.

காயப்பட்ட தண்டுவடத்துக்கு வரும்போது

நலமான வெட்டுகளில் கண் பழகிய பிறகு இதற்கு வாருங்கள். சாலமாண்டரின் வால் திரும்ப வளர்வதை ஸ்பல்லன்சானி 1768-லேயே எழுதிவிட்டார். உள்ளே தண்டுவடத்தில் கிளியா என்ன செய்கிறது என்பதை 1972-ல் ஈகாரும் சிங்கரும் நியூட்டில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் காட்டினார்கள். வெட்டு முனையிலிருந்து முதலில் நீள்வது எபென்டைமா குழாய். அதன் செல்கள் வெளிநோக்கி நீட்டும் இழைகளுக்கு நடுவே வாய்க்கால்கள் போன்ற இடைவெளிகள் உண்டாகின்றன. ஆக்ஸான்கள் அந்த இடைவெளிகளுக்குள் வளர்ந்து வருகின்றன. வழியை முதலில் போட்டு வைப்பது கிளியா.

ஆக்ஸலாட்டலில் இந்தச் செல்கள் எவ்வளவு வேகமெடுக்கின்றன என்பதையும் அளந்திருக்கிறார்கள். சாதாரணமாக ஒரு செல் சுழற்சிக்கு ஏறக்குறைய 14 நாள் எடுத்துக்கொள்ளும் செல், வால் வெட்டுப்பட்ட பிறகு 5 நாளில் முடித்துவிடுகிறது. பாலூட்டியின் தண்டுவடத்தில் காயம்பட்டால் ஆஸ்ட்ரோசைட்கள் தடித்து, காயத்தைச் சுற்றித் தழும்பு கட்டுகின்றன. அப்படிப்பட்ட தழும்பு இல்லாமல் இடைவெளியை நிரப்பிவிடும் ஆக்ஸலாட்டலைப் பார்க்கும்போது, முதுகெலும்புக் காயத்தோடு சக்கர நாற்காலியில் இருக்கும் மனிதர்களுக்காக ஏன் இத்தனை பேர் இந்த விலங்கைப் படிக்கிறார்கள் என்பது புரியும்.

காயப் படங்களில் கவனிக்க வேண்டியது வரிசைதான். வெட்டு முனையிலிருந்து எவ்வளவு மைக்ரான் தள்ளி எடுத்த வெட்டு? காயத்துக்குப் பின் எத்தனையாவது நாள்? குழாயின் நுனியில் குமிழ் போன்ற விரிவு தெரிகிறதா? முனைக்குப் பக்கத்தில் ஆக்ஸான் இல்லாத வெறும் எபென்டைமா வளையம் மட்டும் இருந்தால் அது குறையில்லை, ஆக்ஸான்கள் இன்னும் அங்கே வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

நோட்டில் எழுத வேண்டியது

ஒவ்வொரு ஸ்லைடுக்கும் இனம், வளர்ச்சிநிலை, தண்டுவட மட்டம், வெட்டுத் தடிமன், சாயம், உருப்பெருக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு பென்சிலால் ஒரு படம் வரையுங்கள். குழலின் சுவரை முதலில், பிறகு சாம்பல் பகுதி, பிறகு வெண்பகுதி, கடைசியில் பாதங்கள். இது கிளியா என்று உறுதியாகச் சொல்ல முடியாத உட்கருவுக்குக் கேள்விக்குறி போட்டு விடுங்கள், ஆன்டிபாடி போட்ட வெட்டு கையில் வரும்போது திரும்பிப் பார்க்கலாம். எண்ணிக்கைக்கு வரும்போது, நலமான தண்டுவடத்தின் வெட்டும் காயப்பட்டதன் வெட்டும் ஒரே மட்டத்தைச் சேர்ந்தவையா, ஒரே தடிமனா, ஒரே உருப்பெருக்கத்தில் எடுத்தவையா என்று சரிபார்த்துவிட்டு, மையக்குழல் சுவரின் சாக்ஸ்2 உட்கருக்களிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.